ஆபீஸ் டீ: மெஷினா, டிப்பா, பிளாஸ்க்கா?

டீ போடுவதற்கென்றே ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது: ஐஎஸ்ஓ 3103. 1980-இல் வந்தது, 2019-இல் திருத்தினார்கள். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் டீத்தூள், நன்றாகக் கொதிக்கும் தண்ணீர், மூடிய பீங்கான் பாத்திரம், 6 நிமிடம். ருசியான டீக்கான பக்குவம் இல்லை இது. வெவ்வேறு தூள்களை ஒரே மாதிரி போட்டு ருசி பார்ப்பதற்கான முறை. ஆனாலும் அளவு, சூடு, நேரம் மூன்றையும் பிடித்துக்கொண்டால் ஆபீஸ் டீயை எடைபோட்டுவிடலாம்.

ப்ரீமிக்ஸ் மெஷினில் இந்த மூன்றுக்குமே வேலை இல்லை. பால் பவுடர், சர்க்கரை, இன்ஸ்டன்ட் டீ கலந்த பொடியில் வெந்நீர் விழுகிறது, அவ்வளவுதான். சர்க்கரை கலந்தே வரும் பாக்கெட் என்றால் குறைக்கவும் வழியில்லை. தினம் மூன்று நான்கு முறை குடிப்பவர்களுக்கு இதைக் கொடுப்பது நியாயமே இல்லை. கடைகள் மூடிய பிறகு, நைட் ஷிப்டில் மட்டும் கைகொடுக்கும்.

டிப் டீயைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். ஒரு பையில் பெரும்பாலும் 2 கிராம் தூள் இருக்கும். சின்ன கப்புக்கு அளவு கச்சிதம். கெடுப்பது தண்ணீரும் அவசரமும்தான். டிஸ்பென்சர் வெந்நீர் கொதிநிலையைத் தொடுவதில்லை. அதில் நாலு முக்கு முக்கிப் பிழிந்து எறிந்துவிடுகிறோம். பைக்குள் இருப்பது பொடித்தூள் என்பதால் நிறம் சட்டென்று இறங்கிவிடும், சாரம் இறங்காது. கெட்டிலில் கொதிக்கவைத்து, பீங்கான் கப்பில் ஊற்றி, சாஸரால் மூடி நாலு நிமிடம் விட்டுப் பாருங்கள். பால் அப்புறம்தான்; முன்பே ஊற்றினால் சூடு இறங்கி, தூள் சரியாக ஊறாது.

ருசியில் முதலிடம் கடை டீக்குத்தான். துணி வடிகட்டியில் டஸ்ட் டீ, அதன்மேல் பாய்லர் வெந்நீர், கெட்டியாக இறங்கும் டிகாக்ஷன், கொதிக்கும் பால், நுரை பொங்க ஓர் ஆற்று. அங்கே 6 நிமிடக் கணக்கு தேவையே இல்லை. பழைய தூளிலேயே திரும்பத் திரும்ப இறக்கினால்தான் வெறும் கசப்பு மிஞ்சும். அதனால் மாஸ்டரிடம் புது டிகாக்ஷன் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்க்கில் வந்ததை உடனே ஊற்றிக் குடித்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் கிடந்தால் பால் வாடையும் துவர்ப்பும் ஏறிவிடும்.

பக்கத்தில் நல்ல கடை இருந்தால் என் ஓட்டு பிளாஸ்க்குக்கு. இல்லையென்றால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கெட்டிலும் பீங்கான் கப்புகளும் வாங்கச் சொல்லி அட்மினிடம் கேளுங்கள்.