ஒரே 93.5, இரண்டு மொழி: நாகர்கோவிலில் காரில் கேட்கும் எஃப்.எம். நிலையங்கள்

2002 முதல் பார்வதிபுரத்தில் கார் ஸ்டீரியோ மாட்டும் வேலை எனக்கு. புது செட் மாட்டினால் பென்டிரைவ் செருகிக் காட்டி வண்டியைக் கொடுத்துவிட மாட்டேன். எஃப்.எம். போட்டு, மேற்கே சுங்கான்கடை வரை, கிழக்கே தோவாளை வரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுத்தான் சாவி. ஏரியல் வயரில் குறை இருந்தால் பென்டிரைவ் பாட்டில் தெரியாது, எஃப்.எம்.மில் தெரிந்துவிடும்.

அந்த ஓட்டத்தில் நான் கவனிப்பது 93.5. திருநெல்வேலியில் இந்த எண்ணில் சூரியன் எஃப்.எம்., திருவனந்தபுரத்தில் இதே எண்ணில் ரெட் எஃப்.எம். இரண்டுமே சன் குழுமம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி எண்பது கிலோமீட்டருக்கு மேல், திருவனந்தபுரம் எழுபதுக்குள். எஃப்.எம். ரிசீவர் இரண்டு அலைகளைக் கலந்து தராது. வலுவானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். அதனால் சுங்கான்கடைப் பக்கம் மலையாளப் பேச்சு, தோவாளை தாண்டினால் தமிழ்ப் பாட்டு. நடுவில் ஒரு வளைவில் மொழி மாறும், அடுத்த வளைவில் திரும்பிவிடும். "செட்டு கெட்டுப்போச்சா அண்ணே?" என்று பதறிக் கேட்டவர்கள் உண்டு. செட்டில் ஒன்றுமில்லை, நம் ஊர் இருக்கும் இடம் அப்படி.

106.4 ஹலோ எஃப்.எம்.முக்கு இந்தத் தொல்லை இல்லை. திருநெல்வேலியிலிருந்து தமிழாகவே வரும். ஆரல்வாய்மொழிப் பக்கம் போகப்போகத் தெளியும். மேற்கே களியக்காவிளை வரை ஓடும் வண்டி என்றால் 98.3 மிர்ச்சியும் 92.7 பிக் எஃப்.எம்.மும் வைத்துக் கொடுப்பேன். இரண்டும் மலையாளம், கேட்கக் கண்ணாடி மாதிரி இருக்கும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் தனியார் எஃப்.எம். என்றாலே பேச்சுதான். பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் திருநெல்வேலிக்கு 0462 சுழற்றிப் பாட்டுப் போடச் சொல்வார்கள். லைன் கிடைத்தால் பூத் முன்னால் கூட்டம் கூடும். தன் ஊர்ப் பெயரை ரேடியோவில் சொல்லிவிட்டு வந்தவர் முகத்தை இன்றும் மறக்கவில்லை. பிறகு எஸ்.எம்.எஸ்., இப்போது வாட்ஸ்அப் குரல் பதிவு. பேச்சு சுருங்கி, பாட்டு பெருகி, அதே பாட்டு மதியமும் மாலையும் திரும்ப வருகிறது. இரவில் மட்டும் பழைய பாட்டு நேரம் மிச்சமிருக்கிறது. தனியார் நிலையங்களில் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. தனியார் எஃப்.எம்.முக்கு அரசு முதலில் கொடுத்த உரிமத்தில் நிலையங்கள் கட்டும் ஆண்டுக் கட்டணம் வருடா வருடம் 15 விழுக்காடு ஏறியது. 2005 கொள்கை அதை மாற்றி, வருமானத்தில் 4 விழுக்காடு என்ற பங்கைக் கொண்டுவந்தது. நிலையங்கள் பெருகின. விளம்பரம் உள்ள ஊரில்தான் நிலையம் பிழைக்கும். நம் ஊருக்கென்று தனியார் நிலையம் இல்லை. ஆக, விளம்பரத்தில் நம் காதில் விழும் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் வேறு ஊர்க் கடைகள்.

எனக்கு உண்மையான வருத்தம் 2017 ஒக்கிப் புயலில். கரண்ட் இல்லை. கடைக்கு வந்த கார்களில் ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தேன். எனக்குக் கிடைத்த ஒரு தனியார் நிலையத்தில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று குளச்சலிலிருந்து வந்த ஒருவர் என்னோடு வண்டிக்குள் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார். தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்க அரசு அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும். அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் நான் மாட்டும் எல்லா செட்டிலும் முதல் பொத்தான் 101, கோணத்தில் இருக்கும் அகில இந்திய வானொலியின் நாகர்கோவில் நிலையம். 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கிய நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் இது. அறிவிப்பு நிதானமானது, இளசுகள் உடனே மாற்றிவிடுவார்கள். மாற்றட்டும், பொத்தான் அங்கேயே இருக்கும்.

2024 ஆகஸ்டில் 234 ஊர்களில் 730 தனியார் எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் நாகர்கோவில்/கன்னியாகுமரியும் இருக்கிறது, 3 அலைவரிசைகளோடு. அன்றிலிருந்து ஆறாவது பொத்தானில் எதையும் பதிப்பதில்லை.