ஹைலக்ஸுக்கு ஏ/டி டயர் போட்ட அனுபவம்: பிராண்டுக்கு முன்னால் உங்கள் மண்ணைப் பாருங்கள்

பிக்கப் வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "எந்த கம்பெனி ஏ/டி நல்லது" என்றுதான். ஏ/டி என்றால் ஆல் டெரெய்ன், தார் ரோடு, மண் பாதை இரண்டுக்கும் பொதுவான டயர். நான் திருப்பிக் கேட்பது, வண்டி எந்த மண்ணில் ஓடுகிறது என்று. அதைச் சொல்லாமல் டயர் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் மாட்டிவிடுவார். என் டொயோட்டா ஹைலக்ஸில் கம்பெனி டயர் தேய்ந்த பிறகு யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015 போட்டேன். ஒரு மழைக்காலம், ஒரு கோடை இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். திருப்தியாக இருக்கிறது, அடுத்த முறையும் இதையே வாங்குவேன். ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

எங்கள் பக்கம் கோவில்பட்டி. மதுரை போகவும் திருநெல்வேலி போகவும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அதிலிருந்து இறங்கினால் கரிசல் காடு, அங்கங்கே சரளைக்கல் பாதை, தெற்கே திருச்செந்தூர் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போனால் தேரி என்கிற செம்மணல் மேடு. பாதிக்கு மேல் தார் ரோடு, மீதி இந்த மூன்றும். இப்படிக் கலந்து ஓடுகிற வண்டிக்குத்தான் ஏ/டி. தார் ரோட்டைத் தாண்டாத வண்டிக்கு எச்/டி (ஹைவே டெரெய்ன்) டயரே போதும், அது சத்தமில்லாமல் ஓடும், நனைந்த ரோட்டில் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். தோற்றத்துக்காக மட்டும் ஏ/டி போடுபவர்கள் இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

அளவு விஷயத்தில் நான் எதையும் மாற்றவில்லை. என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த 265/60 ஆர் 18 அளவிலேயே ஜி015 கிடைக்கிறது, பக்கத்தில் 110எச் என்று போட்டிருக்கும். 110 என்றால் ஒரு டயர் 1060 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. இந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை, பிக்கப்புக்கு இதுதான் முக்கியம். இசுஸு வி-கிராஸ் வைத்திருக்கும் நண்பர்கள் 255/60 ஆர் 18-லிருந்து 265/60-க்குப் போகிறார்கள். விட்டம் 763 மில்லிமீட்டரிலிருந்து 775 ஆகிறது, ஒன்றரை சதவீதம்தான் கூடுகிறது, ஸ்பீடோமீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது, உரசலும் பொதுவாக வராது. ஆனால் பழைய டயரில் 112 என்று இருந்து புதியதில் 110 என்று இருந்தால், டயர் அகலமாகியும் தாங்கும் எடை குறைந்துவிட்டது என்று அர்த்தம். அகலத்தைப் பார்த்து ஏமாறாமல் அந்த எண்ணைப் பாருங்கள்.

அளவுக்கு முன்னால் எல்.டி (லைட் டிரக்) என்று தொடங்கும் டயர்கள் வேறு ரகம். பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2 மாதிரி டயர்களில் 'லோடு ரேஞ்ச் இ' என்று இருந்தால் அது பத்து ப்ளை (பத்து அடுக்குக்கு இணையான) பலம், சைடுவால் என்கிற பக்கச்சுவர் தடி, கல்குவாரிக்குள் தினமும் போகிறவர்களுக்கு அருமையான பொருள். ஆனால் எடை அதிகம், அதே பாரத்துக்குக் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும். பிக்கப்பின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், காலி வண்டியிலேயே குதிக்கும், அதில் எல்.டி-யும் போட்டால் பின்சீட்டில் உட்காரும் வயசானவர்கள் பாடு கஷ்டம். வீட்டுக்கும் காட்டுக்கும் ஒரே வண்டி என்பதால்தான் நான் எல்.டி பக்கம் போகவில்லை.

இப்போது கரிசலுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். காய்ந்த கரிசலில் எந்த டயரும் ஓடும். புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் அதே பாதையில் இறங்கிப் பாருங்கள். அந்தக் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பி, டயரின் பட்டன்களுக்கு (தரையில் படும் ரப்பர் கட்டிகளுக்கு) நடுவில் அடைத்துக்கொள்ளும், நாலு சுற்று சுற்றியதும் புது டயரும் மொட்டை டயரும் ஒன்றுதான். ஏ/டி-யில் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளம் குறுகல், அடைந்த மண் தானாகக் கழன்று விழாது. சேற்றுக்கான எம்/டி (மட் டெரெய்ன்) டயரில் பள்ளம் அகலமாக இருப்பதால் வேகமாகச் சுற்றினால் மண் தெறித்துப் போகும், அதற்கும் ஊறிய கரிசலில் ஓர் எல்லை உண்டு. ஆகவே ஈரக் கரிசலுக்காக ஏ/டி வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரெண்டு நாள் வெயில் காய்ந்து மேல்மண் இறுகினால் ஜி015 அழகாகப் போகிறது, எச்/டி டயர் வழுக்கிய அதே ஓடைக்கரை ஏற்றத்தில் இப்போது ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் இழுவை) போடாமலே ஏறுகிறேன். ஊறிக் கிடக்கும் அன்றைக்கு வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு நடந்து போவதுதான் சரி, இல்லாவிட்டால் டிராக்டரைக் கூப்பிட வேண்டிவரும்.

தேரி மணலுக்குப் பட்டனைவிடக் காற்றுதான் வேலை செய்கிறது. 18 பி.எஸ்.ஐ வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணல் மேல் மிதக்கிற மாதிரி போகும். முரட்டுப் பட்டன் உள்ள டயரை மணலில் முறுக்கினால் அது தோண்டிக்கொண்டு உள்ளேதான் போகும், ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் கொடுக்க வேண்டும். திரும்பித் தார் ரோட்டில் ஏறும் முன் காற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும், குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் சைடுவால் சூடேறி டயர் வெடிக்கும். ஒரு சின்ன கம்ப்ரஸர் டயரோடு சேர்ந்த செலவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முள். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற ஊர்ப்பக்கம் பாதையெல்லாம் கிளை கிடக்கும். ஏ/டி-யின் பட்டன் உயரமாகவும் ரப்பர் கனமாகவும் இருப்பதால் தரையில் படும் பகுதியில் ஏறும் முள் பெரும்பாலும் உள்ளே போவதற்குள் ஒடிந்துவிடுகிறது. முன்பு அடிக்கடி பஞ்சர் கடையில் நிற்பேன், இப்போது அது நன்றாகவே குறைந்திருக்கிறது. சைடுவாலில் ஏறினால் மட்டும் எந்த டயருக்கும் கதி ஒன்றுதான், அங்கே ஒட்டு போட்டு ஓட்டக் கூடாது, எந்தக் கடைக்காரர் தைரியம் சொன்னாலும் கேட்காதீர்கள். பாதையோரம் கிளை கிடந்தால் ஏற்றிப் போகலாம், ஒட்டி உரசிக்கொண்டு போகாதீர்கள்.

தார் ரோட்டில் எப்படி? சத்தம் இருக்கிறது, ஆனால் 80-ல் போகும்போது பேச்சுக்குக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஏ/டி டயரில் சத்தம் தேயத் தேயக் கூடும், அதுவும் முன்பின் மாற்றாமல் ஓட்டினால் பட்டன் ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்து ஊளையிட ஆரம்பிக்கும். 8,000-லிருந்து 10,000 கிலோமீட்டருக்குள் ஒரு முறை இடம் மாற்றிவிட வேண்டும். மைலேஜ் எச்/டி-யைவிட லேசாகக் குறையத்தான் செய்யும், எந்த ஏ/டி போட்டாலும் அது உண்டு. மழை ரோட்டில் ஜி015-இன் பட்டன்களில் உள்ள மெல்லிய கீறல்கள் நன்றாக வேலை செய்கின்றன, ஆனாலும் முன்னால் போகும் பஸ்ஸுக்கு இடைவெளி கூடுதலாகவே விடுகிறேன். சைடுவாலில் மலையும் பனிப்படிகமும் போட்ட ஒரு சின்னம் இருக்கும், பனிக்கான சான்று அது. அதைக் காட்டி யாராவது கூடுதல் விலை சொன்னால் நம் ஊருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். சைடுவாலில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு கடைசியில் நாலு இலக்கம் இருக்கும், 3224 என்றால் 2024-இல் 32-ஆவது வாரம் செய்தது. நான் முதலில் போன கடையில் எடுத்து வைத்த நாலு டயரில் ஒன்று மற்றவற்றைவிட மூன்று வருஷம் பழையது. கேட்டதற்கு "எல்லாம் ஒரே டயர்தான் சார்" என்றார்கள். நான் வாங்கவில்லை, வேறு கடையில் ஒரே வருஷத்து டயராக எடுத்தேன். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்தது, கடையில் பழைய சரக்கு தங்கியிருக்கலாம், அதனால் வெளிநாட்டு டயர் வாங்குகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விலையைப் பொறுத்தவரை 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் அதைக் கேளுங்கள். பட்ஜெட் இடித்தால் அப்போலோ ஆப்டெரா ஏ.டி.2, சியட் கிராஸ்டிரைவ் ஏ/டி இரண்டையும் உங்கள் அளவில் வருகிறதா என்று விசாரியுங்கள், உள்நாட்டுக் கம்பெனிகள் என்பதால் ஒரு டயர் கிழிந்து ஒன்று மட்டும் வேண்டும் என்றாலும் அலைய வேண்டியதில்லை.

முடிந்தால் ஐந்தாக வாங்குங்கள். ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி வண்டிகளில் ஃபோர் பை ஃபோர் போட்டால் முன்னும் பின்னும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். நாலு புது ஏ/டி-யோடு ஒரு தேய்ந்த ஸ்டெப்னியை மாட்டி அந்த நிலையில் கெட்டித் தரையில் ஓட்டினால் விட்ட வித்தியாசம் கியர்களை முறுக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுற்றில் மாற்றிக்கொண்டே வந்தால் எல்லாம் ஒரே மாதிரி தேயும். மாட்டி முடித்ததும் அலைன்மென்ட் பார்த்து, நட்டுகளை மெஷின் கன்னில் இறுக்கியதோடு விடாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள், 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பாருங்கள்.