மூன்று வருடமாக ஹெச்.என்.எஸ்.டபிள்யூவோடு குடித்தனம்

பத்து லட்சம் பத்திகள். ஒவ்வொன்றும் 768 பரிமாண வெக்டர், அதாவது பத்தியின் பொருளைக் குறிக்கும் 768 எண்களின் வரிசை. கேள்வி ஒன்று வந்தால் அதற்கு மிக நெருக்கமான பத்துப் பத்திகளை எடுத்துத் தர வேண்டும். மூன்று வருடமாக இதுதான் என் வேலை; அதற்கு நம்பியிருப்பது ஹெச்.என்.எஸ்.டபிள்யூ (HNSW) என்னும் தேடல் முறை.

முதலில் கை வைத்தது கே-டி மரத்தில் (k-d tree), அதாவது வெக்டர்களைப் புள்ளிகளாகப் பாவித்து, பாதி பாதியாகப் பிரித்து வைத்துத் தேடும் அமைப்பில். 1975-ல் பென்ட்லி கொடுத்த முறை. இரண்டு மூன்று பரிமாணங்களுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் ஒரு மட்டத்துக்கு ஒரு பரிமாணத்தைத்தான் அது பிளக்கும். பத்து லட்சத்தைப் பாதி பாதியாகப் பிளந்துகொண்டே போனால் 20 மட்டத்தில் கதை முடிந்துவிடும். மீதி 748 பரிமாணங்களை மரம் திரும்பிக்கூடப் பார்க்காது. தேடும்போது ஏறக்குறைய எல்லாக் கிளைகளிலும் ஏறி இறங்கியது. பேசாமல் வரிசையாக ஒப்பிட்டிருக்கலாம்.

அப்புறம்தான் மல்கோவும் யாஷுனினும் 2016-ல் வெளியிட்ட ஹெச்.என்.எஸ்.டபிள்யூவுக்கு வந்தேன். புள்ளிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு இணைத்து அடுக்கடுக்காக வைக்கும் கிராஃப் அது; மேலிருந்து இறங்கித் தோராயமாகத் தேடும். மேலடுக்கில் கொஞ்சம் புள்ளிகள், தூரத்து இணைப்புகள். கீழே இறங்க இறங்கப் புள்ளிகள் நெருக்கமாகும். முதல் நாளே வேகம் அசத்தியது. அதில் இன்றுவரை குறை சொல்ல முடியாது.

ரேம்தான் கடிக்கும். வெக்டருக்கு 3072 பைட், ஆக மொத்தம் 3 ஜிபி. பலரும் கிராஃபைப் பழிப்பார்கள். எம் என்னும் இணைப்பு அளவை 16 என்று வைத்தால் அடித்தள இணைப்புகளுக்குப் புள்ளிக்கு 128 பைட்தான். இடத்தை அடைப்பது வெக்டரே. ஒவ்வொரு வெக்டரையும் 96 துண்டாக்கி, துண்டுக்கு ஒரு பைட் என்று சுருக்கியும் பார்த்தேன். முதல் பத்து முடிவுகளின் வரிசை குழம்பியது. முதல் நூறை எடுத்து அசல் வெக்டரோடு மறுபடி ஒப்பிட்ட பிறகே சரியானது.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. இது தப்பு செய்தாலும் வாயைத் திறக்காது. பத்து கேட்டால் பத்து வரும், எர்ரர் எதுவும் வராது. ஒரு நாள் ஒருவர், "அந்தப் பத்தி இருக்கிறது, நானே போட்டேன், தேடினால் வரவில்லை" என்றார். நான் நம்பவில்லை. சரி, பார்ப்போம் என்று மொத்தத்தையும் வரிசையாக ஒப்பிட்டால், அவர் சொன்ன பத்திதான் முதலிடத்தில்! இண்டெக்ஸ் (கட்டி வைத்த அந்த கிராஃப்) வழியாகப் போனால் பத்துக்குள்ளேயே இல்லை. தேடும்போது எத்தனை புள்ளிகளைக் கையில் வைத்துப் பார்ப்பது என்னும் ஈ.எஃப் அளவை 50-லிருந்து 200 ஆக்கியதும் மேலே வந்து உட்கார்ந்தது. நேரம் கூடியதென்னவோ உண்மை.

நீக்குவதும் பாதி நீக்கம்தான். நான் பயன்படுத்தும் நிரல் நூலகம் புள்ளியை எடுப்பதில்லை, 'செத்தது' என்று குறி மட்டும் போடும். தேடல் அந்தப் பிணங்களை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். நிறைய சேர்ந்துவிட்டால் இண்டெக்ஸை முதலிலிருந்து கட்டுவேன். தேதி வாரியான வடிகட்டலும் அப்படியே: தேடி முடித்த பிறகு வடிகட்டினால், 40 புள்ளிகளில் பத்தில் ஒன்றுதான் தேறும் என்னும்போது கையில் மிஞ்சுவது நாலு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை 200 பழைய கேள்விகளை இரவில் வரிசை ஒப்பீட்டில் ஓட்டி, இண்டெக்ஸ் எத்தனையைத் தவறவிட்டது என்று எண்ணுகிறேன். ஐம்பதாயிரத்துக்குள் இருக்கும் தொகுப்புகளுக்கு இண்டெக்ஸே போடுவதில்லை.