சிகிரியாவா, பிதுரங்கலவா, தம்புள்ளையா?

இலங்கையின் நடுப்பகுதிக்குப் போகிற எவரும் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு பகல். சிகிரியா இருக்கிறது, அதன் பக்கத்திலேயே பிதுரங்கல இருக்கிறது, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளித் தம்புள்ளை. மூன்றும் பாறைதான், மூன்றிலும் மூச்சு வாங்க ஏற வேண்டும், மூன்றிலும் பிக்குகள் வாழ்ந்திருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சிகிரியா என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு பாதிதான்.

சிகிரியாவின் கதை பெரிய கதை. தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த காசியப்பன், தம்பி முகலன் படையோடு திரும்பி வருவான் என்ற பயத்தில் தலைநகரான அனுராதபுரத்தை விட்டுவிட்டு இந்தப் பாறைமேல் அரண்மனை கட்டினான். ஆட்சிக்காலம் கி.பி. 477 முதல் 495 வரை. பயந்தபடியே முகலன் வந்தான், காசியப்பன் மாண்டான், இடம் மறுபடி பிக்குகளிடமே போனது. ஆமாம், மறுபடி. காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்குள்ள குகைகளில் பிக்குகள் தங்கியிருந்தார்கள். அரண்மனை என்பது நடுவில் வந்துபோன ஒரு குறுகிய காலம் மட்டுமே. ஆனால் இன்று போய்ப் பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் அரசனின் வேலைதான். புத்த கோயில் பார்க்கும் ஆசையோடு போகிறவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

சரி, அப்படியானால் எதற்காகப் போவது? உச்சிக்காக அல்ல என்பது என் கட்சி. உச்சியில் செங்கல் அடித்தளங்களும் பாறையில் வெட்டிய ஒரு குளமும் வெயிலும் இருக்கின்றன. பார்க்க வேண்டியதெல்லாம் வழியில்தான் இருக்கிறது. முதலில் கீழே உள்ள நீர்த்தோட்டம். நிலத்தடிக் குழாய் வழியே நீரழுத்தத்தில் இயங்கும் அதன் நீரூற்றுகள் நல்ல மழைக்காலத்தில் இன்றும் பொங்குகின்றன. பாதி உயரத்தில் மேகத்துக்குள்ளிருந்து எழுவதுபோல் பூக்களோடு நிற்கும் பெண்களின் ஓவியங்கள் வரும். அங்கே படமெடுக்க விடமாட்டார்கள், நல்லதுதான். அப்புறம் கண்ணாடிச் சுவர், அதாவது கண்ணாடிபோல் பளபளக்கப் பூசிய சுவர். அந்தக் காலத்தில் வந்துபோனவர்கள் ஓவியப் பெண்களைப் பார்த்த மயக்கத்தில் அதில் கவிதை கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரும்பாலானவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அவற்றில் 685 பாடல்களைத் தொல்லியலாளர் செனரத் பரணவிதான படித்தெடுத்து 1956இல் வெளியிட்டார். இன்று நாம் கீறினால் சிறைதான். இவற்றைத் தாண்டிப் போனால், உச்சிக்கு ஏறும் வாசலாகக் கட்டி, தலை சரிந்துவிட்ட சிங்கத்தின் இரண்டு பாதங்கள் மட்டும் நிற்கின்றன. கால் வலிக்கிறவர்கள் தாராளமாக அங்கேயே திரும்பிவிடலாம். பெரிதாக எதையும் இழக்கமாட்டார்கள்.

வெளிநாட்டவருக்கான டிக்கெட் 30 டாலருக்குக் குறையாது. சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டுக் கடவுச்சீட்டுக்குச் சலுகை உண்டு, மறக்காமல் கேளுங்கள். ஏறும் வழியில் குளவி எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல, சத்தம் போடாமல் போக வேண்டும்.

இயற்கைக் காட்சிதான் நோக்கம் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, பிதுரங்கலதான். காரணம் எளிது: சிகிரியாவின் உச்சியில் நின்றால் சிகிரியா தெரியாது. பிதுரங்கலவின் மேலே நின்றால் எதிரே காட்டுக்கு நடுவில் அந்த ஒற்றைப் பாறை முழு உயரமும் தெரிய நிற்கும். டிக்கெட்டும் மலிவு, இலங்கை ரூபாயிலேயே கொடுக்கலாம். விடிவதற்கு முன்பே ஏறிவிடலாம் என்பதால் சூரிய உதயத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். தனிமை வேண்டுமென்றால் வெயில் வந்து அவர்கள் இறங்கிய பிறகு போங்கள்.

காசியப்பன் அரண்மனை கட்டியபோது சிகிரியாவிலிருந்த பிக்குகளை இங்கேதான் குடியேற்றினான் என்பது மரபு. அடிவாரத்தில் கோயில் இருக்கிறது, தோளும் முழங்காலும் மூடிய உடையில்தான் உள்ளே போக முடியும். பாதி வழியில் செங்கல்லால் ஆன பெரிய சயனப் புத்தர் ஒருவர் வருவார். புதையல் தேடியவர்கள் சிதைத்த பிறகு மேற்பாதியைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பலர் உச்சிக்கு ஓடும் அவசரத்தில் அவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடைசிப் பகுதியில் படிகள் கிடையாது. பாறைகளுக்கு இடையே கையை ஊன்றித் தொற்றி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது. மழை பெய்து நனைந்திருந்தால் யாருமே தவிர்க்கலாம்.

தம்புள்ளை வேறு ரகம். இது இன்றும் வழிபாடு நடக்கும் கோயில். கி.மு. முதல் நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து வந்த படையெடுப்பாளர்களிடம் அரியணையை இழந்த வலகம்பா மன்னன் இங்கே ஒளிந்திருந்தான் என்றும், ஆட்சி திரும்பக் கிடைத்ததும் குகைகளைக் கோயிலாக்கினான் என்றும் சொல்கிறார்கள். நம் ஊர்க்காரர்களால் உருவான கோயில் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்! ஐந்து குகைகள், 150க்கும் மேற்பட்ட புத்தர் சிலைகள், பாறைக் கூரையின் மேடுபள்ளத்தோடு துணி விரித்ததுபோல் படிந்து போகும் ஓவியங்கள். இப்போது தெரியும் ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டின் கண்டிப் பாணியைச் சேர்ந்தவை. இரண்டாவது குகைக்குத்தான் அதிக நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புத்தர்களோடு விஷ்ணுவும் அங்கே நிற்கிறார். கூரையிலிருந்து சொட்டும் நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

செருப்பை வாசலிலேயே விட வேண்டும். நண்பகலில் முற்றத்துக் கல் கொதிக்கும், அதனால் ஒரு ஜோடி காலுறை கையில் இருக்கட்டும். புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பது இலங்கையில் பெரிய அவமதிப்பு. புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பயணியை நாட்டைவிட்டே திருப்பி அனுப்பியதும் நடந்திருக்கிறது.

ஒரு பகலுக்கு என் தேர்வு, காலையில் பிதுரங்கல, பிற்பகலில் தம்புள்ளை. அடுத்து கண்டிக்குப் போகிறவர்களுக்குத் தம்புள்ளை வழியிலேயே வந்துவிடும். வரலாற்றுப் பைத்தியங்களும் ஓவியம் பார்க்கிறவர்களும் பிதுரங்கலவை விட்டுவிட்டு சிகிரியாவுக்குப் போகட்டும், ஆனால் வாசல் திறந்ததும் உள்ளே நுழைந்துவிட வேண்டும். பேருந்துகள் வந்து இறங்கிய பிறகு ஓவியங்களுக்கு ஏறும் சுழல் படிக்கட்டில் வரிசை நகரவே நகராது.