நிலாவெளி மணலுக்குச் சொட்டு நீர்ப்பாசனச் செற் சரிவருமா?

திருகோணமலை ரவுணில் ஒரு விவசாயக் கடையில் வாங்கிய சிறிய சொட்டு நீர்ப்பாசனச் செற்றைப் பற்றி எழுதுகிறேன். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணல் காணியில், கிணற்றுத் தண்ணீரை நம்பி மிளகாய், கத்தரி செய்கிற ஆட்களுக்காகத்தான் இது. முதலே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் கடையில் தருகிறபடியே கொண்டுவந்து பூட்டினால் வேலை செய்யாது.

செற்றுக்குள் இருப்பது 16 மில்லிமீற்றர் கறுப்புக் குழாய், ஒரு அடிக்கு ஒரு சொட்டுவாய், கிட்டத்தட்ட 500 சொட்டுவாய்க்குப் போதுமான நீளம். அதோடு இணைப்புகள், அடைப்பான்கள், ஒரு வால்வு. குழாய் நல்ல தடிப்பு. கச்சான் காற்று அடித்த வெயிலிலும் வெடிக்கவில்லை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை கடைக்காரர் சொல்லாமல் விட்ட விசயத்தில் இருக்கிறது. பெட்டியில் ஒரு சொட்டுவாய்க்கு மணிக்கு 2 லீற்றர் என்று போட்டிருக்கிறார்கள். அது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்தில் இருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தத்துக்கான கணக்கு. நம் தோட்டங்களில் தாங்கியை அதிகம் போனால் 2 மீற்றர் மேடையில் வைப்போம், அந்த உயரத்துக்கு மணிக்கு 0.9 லீற்றர் அளவுதான் வரும். ஆகவே 1000 லீற்றர் தாங்கி ஒரு மணித்தியாலத்தில் முடியும் என்று கடையில் சொன்னது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கிறது. இழுக்கட்டும், மெதுவாக இறங்குவது மணலுக்கு நல்லதுதான், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தானே அதற்கேற்ற மாதிரி வரிசைக்கு வரிசை நேரம் பிரித்து விடலாம்? அரை ஏக்கரை இந்த ஒரு தாங்கியில் நனைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இன்னும் பெரிய விசயம் வடிகட்டி. கடையில் தந்தது பெயருக்கு ஒரு வலைத் துண்டு. நல்ல வடிகட்டி தேவையில்லை, கிணற்றுத் தண்ணீர் சுத்தம்தானே என்று சொல்லி அனுப்பினார்கள். நம் கிணறுகளில் பொடி மணலும் வரும், இரும்புக் கறையும் வரும், தாங்கிக்குள் வெயில் பட்டால் பாசியும் பிடிக்கும். சில கிழமைக்குள் வரிசையின் கடைசியில் இருந்த செடிகள் வாடத் தொடங்கின, குழாயைத் திறந்து பார்த்தால் செம்மண் நிறத்தில் சேறு. பிறகு 120 மெஷ் (வலைக்கண் நெருக்கத்தின் அளவு) தட்டு வடிகட்டி ஒன்று தனியாக வாங்கிப் பூட்டி, தாங்கியைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி, கிழமைக்கு ஒருமுறை குழாய் முனைகளைத் திறந்து கழுவிவிட்ட பிறகுதான் ஒழுங்காக ஓடுகிறது. வடிகட்டி இல்லாமல் இதை விற்பது சரியே இல்லை.

சரி, இவ்வளவு மினக்கெட்டு ஏன் இது? கந்தளாய்க் குளத்துக்குக் கீழே வயல் செய்பவர்களுக்கு அம்பன் கங்கைத் தண்ணீர் மின்னேரியா, கவுடுல்ல வழியாக வந்து சேர்கிறது. அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து வயல்களுக்கு மாவிலாறு இருக்கிறது. 2006இல் போர்க்காலத்தில் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது இந்த மாவட்டம் என்ன பட்டது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடற்கரைத் தோட்டக்காரருக்குக் குளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஐப்பசி முதல் தை வரை கொட்டுகிற மழை மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, அதைத்தான் கிணற்றில் இறைக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கடற்கரை நிலத்தடி நீருக்கான பழைய கணக்கு. அப்படியென்றால் மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறிவரும் என்று பாருங்கள். இரண்டு இஞ்சி மெசினைப் பூட்டிக் காலை முழுக்கப் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறும்போது பாதிக்கு மேல் வேருக்குக் கீழே ஓடிவிடுகிறது, மணல் பிடித்து வைக்காது. கிணறு உவர்த்துப் போனால் அந்தக் காணியில் பிறகு என்ன செய்வது? உலகத்தில் பயிர் செய்யும் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் பாசன வசதி, ஆனால் விளைகிற உணவில் 40 வீதம் அந்த நிலத்தில் இருந்து வருகிறது என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பு சொல்கிறது. அந்தப் பாசனத்தில் எங்கள் கிணறுகளும் அடக்கம், எனக்கு இது சும்மா தண்ணீர் மிச்சம் பிடிக்கிற கதையாகத் தெரியவில்லை.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. மிளகாய் வரிசை முழுக்க ஒரே சீராக நிற்கிறது, நடுவில் காய்ந்த மணலில் களை முளைப்பது நன்றாகக் குறைந்துவிட்டது, மண்வெட்டியோடு நிற்க ஒரு ஆள் தேவையில்லை, மண்ணெண்ணெய்ச் செலவும் குறைவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஈரம் முடிகிற விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும். பெரும்போக மழை அதைக் கழுவிவிடும், அதற்கு முன் சாதுவான தூறல் பெய்தால் உப்பு வேர்ப்பக்கம் இறங்கும், ஆகவே அந்த நேரம் சொட்டுநீரையும் ஓடவிடுங்கள்.

சின்ன வெங்காயத்துக்கு இந்தச் செற்றை வாங்கவேண்டாம். வெங்காயம் நெருக்கமாக நடுகிற பயிர், பாத்திக்கு எத்தனை குழாய் போட்டாலும் நடுவில் காயும், செலவும் கட்டாது. அதற்குத் துளையிட்ட மழைக்குழாய் அல்லது சின்னத் தூவல் (ஸ்பிரிங்ளர்) நல்லது. நெல்லுக்கு இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சேவையைப் பொறுத்தவரை, காணியின் அளவைக் கேட்டுத் தாளில் வரைந்து குழாய் நீளம் கணக்குப் போட்டுத் தந்த அந்தத் தம்பிக்கு நன்றி, பொறுமையான பிள்ளை. ஆனால் உதிரிப்பாகம் கேட்டுப் போனால் இல்லை, அடுத்த கிழமை வாருங்கள் என்பதுதான் பதில். எலி கடித்த இடத்தைப் பொருத்த ஒரு சின்ன இணைப்பு இல்லாமல் ஒரு வரிசையே காயும். விலை அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை, கேட்கும்போது தட்டு வடிகட்டியையும் சேர்த்து விலை கேளுங்கள், அதோடு கைநிறைய இணைப்புகளும் முனை அடைப்பான்களும் அன்றைக்கே வாங்கிக்கொண்டு வாருங்கள்.