நாலு வருஷமா வீட்லயே ஷோ க்ரூமிங்: எது கையில நின்னுச்சு, எது பரணுக்குப் போச்சு

மிளகு எங்க வீட்டு நாய், மினியேச்சர் ஷ்னாசர் இனம். உப்பும் மிளகும் கலந்த கலரு, அதனால பேரும் அதுவே ஆகிடுச்சு. இப்ப அஞ்சு வயசு. அவனை நாய் ஷோவுல, ஜட்ஜ் முன்னாடி ரிங்ல நிறுத்திப் பாக்கணும்னு ஆசைப்பட்டு வீட்லயே க்ரூமிங் ஆரம்பிச்சு நாலு வருஷம் ஓடிடுச்சு. இதுவரைக்கும் வாங்குன சாமான்ல பாதி பரண்ல தூங்குது, மீதி வாரம் தவறாம கையில இருக்கு. எது எந்தப் பக்கம் போச்சு, ஏன் போச்சுன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். வாங்குன மறுநாளே அஞ்சு ஸ்டார் போடுற ரிவ்யூவைப் படிச்சுத்தான் நானும் நிறைய வாங்கித் தொலைச்சேன், அதனால கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல என் முட்டாள்தனத்தைச் சொல்லிடுறேன். முதல் ஷோவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது முடி கன்னாபின்னான்னு வளர்ந்திருந்துச்சு, புதுசா வாங்குன க்ளிப்பர்ல, அதான் முடி வெட்டுற மெஷின், 10-ம் நம்பர் பிளேடு மாட்டி முதுகு முழுக்க அரை மணி நேரத்துல சர்ருனு ஓட்டிட்டேன். வெல்வெட் மாதிரி ஆகிடுச்சு. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் அவனை எங்களுக்குக் குடுத்த பிரீடர் (நாய் வளர்த்துக் குட்டி குடுக்குறவங்க) அக்கா வந்து முதுகுல ஒரு தடவை கையை ஓட்டிட்டு, "என்ன தம்பி, மிளகைத் தூக்கிப் போட்டுட்டு உப்பை மட்டும் வச்சிருக்கே?"ன்னு கேட்டாங்க. அப்ப ஒண்ணும் புரியல. அப்புறம் ஒரே ஒரு முடியைப் பிடுங்கி வெள்ளைப் பேப்பர் மேல வச்சுக் காட்டுனாங்க. நுனி கருப்பு, நடுவுல வெளிர், மறுபடி கருப்பு, ஒரே முடியில பட்டை பட்டையா. இந்தக் கலரு இப்படித்தான் உண்டாகுது. க்ளிப்பர் ஓட்டுனா அந்தக் கருப்பு நுனியும் கெட்டியான பாகமும் போயிடும், அடியில இருக்குற மெல்லிசுப் பாகமும் பஞ்சு மாதிரி உள்முடியும்தான் மிஞ்சும். கலரும் வெளுத்துடும், தொட்டா மெத்து மெத்துன்னும் ஆகிடும்.

அது ரிங்ல எவ்வளவு பெரிய அடின்னு அங்க போனப்பதான் தெரிஞ்சுது. ஷ்னாசரை டேபிள் மேல ஏத்தித்தான் ஜட்ஜ் பாப்பாங்க, கண்ணால பாக்குறது கொஞ்சம், கையால பாக்குறதுதான் அதிகம். அமெரிக்கன் கென்னல் கிளப்போட ஸ்டாண்டர்ட்ல, அதாவது இந்த இனம் எப்படி இருக்கணும்னு எழுதி வச்ச வரையறையில, உடம்பு முடியைப் பிடுங்கித்தான் சரி பண்ணணும், அதோட தரம் தெரியுற அளவுக்கு நீளம் இருக்கணும்னு எழுதியே வச்சிருக்காங்க, ரொம்ப மெத்துன்னு இருந்தாலும் வழுவழுன்னு இருந்தாலும் குறைதான். ஜட்ஜ் மிளகோட முதுகுல கையை வச்சாங்க, முடியைக் கொஞ்சம் நிமிர்த்திப் பாத்தாங்க, அவ்வளவுதான். நாங்க வரிசையில கடைசி. அந்த முடி பழையபடி வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஸோ, ரிவ்யூல முதல் சாமான் என்னோட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். சிரிக்காதீங்க. முத்திப்போன முடி வேர்ல பிடிப்பு இல்லாம சும்மா நிக்கும், அதை வளர்ற திசையிலயே ஒரே இழுப்பா இழுத்தா நாய்க்கு வலிக்காது, அந்த இடத்துல மறுபடி கெட்டியான புது முடி வரும். ஆரம்பத்துல நான் ஒரு பிடி பிடியா பிடுங்குனேன், அது தப்பு. அஞ்சாறு முடி போதும். இன்னொரு கை தோலை இழுத்துப் பிடிச்சிருக்கணும். மணிக்கட்டை முறுக்காம முழங்கையில இருந்து இழுக்கணும். ஒரு மணி நேரம் பண்ணிட்டு எந்திரிச்சா மூணு இஞ்ச்தான் முடிஞ்சிருக்கும், தோள்பட்டை கழண்டு விழும். மூணாவது மாசத்துலதான் கைக்குப் பழக்கம் வந்துச்சு. விரல்ல மாட்டுற ரப்பர் உறைன்னு ஒண்ணு இருக்கு, இருக்குறதுலயே விலை கம்மியான சாமான் அதுதான், அதிகம் உழைச்சதும் அதுதான், முடி வழுக்காமப் பிடிக்கும். அது இல்லாம இன்னைக்கு வரைக்கும் உக்கார்றதே இல்ல.

இப்படி முடியைப் பிடுங்குறதுக்குப் பேரு ஸ்ட்ரிப்பிங், அதுக்குன்னு இருக்குற கத்தி மூணு வாங்குனேன், பெரிய பல்லு, நடுத்தரம், பொடிப்பல்லு. பேருதான் கத்தி, வெட்டுறது அதோட வேலை இல்ல, கட்டைவிரலுக்கும் அதுக்கும் நடுவுல முடியைப் பிடிச்சு இழுக்குறதுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். இதை யாரும் எனக்குச் சொல்லல. புதுக் கத்தியோட பல்லு கூர்மையா இருக்கும், இழுக்குறேன்னு நினைச்சு நான் ரெண்டு மாசமா முடியை வெட்டிட்டு இருந்திருக்கேன். பேப்பர் மேல போட்டுப் பாருங்க, பிடுங்குன முடியில அடியில மெல்லிசு முனை வெள்ளையாத் தெரியும், எல்லா முடியும் பாதியில நறுக்குன மாதிரி இருந்தா கத்தி வெட்டுதுன்னு அர்த்தம். கல்லுல தேய்ச்சு பல்லை மழுக்குன அப்புறம்தான் அது உருப்படியா வேலை செஞ்சுது. கூர் இல்லாத கத்தியைத் தேடிப் போற ஒரே தொழில் இதுதான்னு நினைக்கிறேன். இடதுகைக்காரங்களுக்குத் தனியா வருது, அதைப் பாத்து வாங்குங்க. நாலு வருஷத்துல இந்த மூணுல நடுத்தரம் தினசரி, பொடிப்பல்லு தலைக்கும் உள்முடி எடுக்கவும், பெரிய பல்லு பரண்ல.

க்ளிப்பரை நான் திட்டுற மாதிரி இருக்கும், ஆனா அது வேண்டாத சாமான் இல்ல, அதுக்குன்னு இடம் இருக்கு: கன்னம், தொண்டை, காது, வயிறு, வால் அடிப்பக்கம். ஷோவுக்கு ஒரு வாரம் முன்னாடி அங்க மட்டும் 10-ம் நம்பர் ஓட்டுறேன், ஒன்றரை மில்லிமீட்டர் கிட்ட விடும். ஏ5 வகை பிளேடு எடுத்தா ஆண்டிஸ், ஆஸ்டர், வால் (Wahl) இப்படிப் பல கம்பெனி க்ளிப்பர்லயும் மாத்தி மாத்தி மாட்டலாம், அந்த ஒரு காரணத்துக்காகவே அதைச் சொல்லுவேன். பிளேடு சூடாகும், அதுதான் கவனிக்க வேண்டியது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க உள்மணிக்கட்டுல வச்சுப் பாருங்க, உங்களுக்குச் சுட்டா வயித்துத் தோல்ல அவனுக்கு இன்னும் சுடும். எண்ணெய் விடாம ஓட்டி ஒரு பிளேடைக் காலி பண்ணேன், அது என் தப்புதான்.

டேபிள் பத்தி ஒரு பயங்கரமான விஷயம். மடக்குற டேபிள், மேல ரப்பர் மேட், ஓரத்துல ஒரு கம்பி, அதுல இருந்து கழுத்துக்கு ஒரு சுருக்குக் கயிறு. இடுப்பு வலி பாதி போனது இந்த டேபிளாலதான், தரையில உக்காந்து பண்ணவங்களுக்குத் தெரியும். ரெண்டாவது வருஷம் ஒரு நாள் காலிங்பெல் அடிச்சுது, ரெண்டே எட்டுதான், கதவுகிட்ட போயிட்டு "யாரு?"ன்னு கேக்கக்கூட இல்ல, பின்னாடி தட்டுன்னு சத்தம். மிளகு குதிச்சுட்டான், கயிறு கழுத்துல, முன்னங்கால் ரெண்டும் அந்தரத்துல, பின்னங்கால் நுனி மட்டும் தரையில படுது. ஓடிப்போய்த் தூக்கிட்டேன், ஒண்ணும் ஆகல, ஆனா எனக்கு அன்னைக்கு முழுக்கக் கை நடுக்கம் நிக்கல. இப்ப யாரு பெல் அடிச்சாலும் ஒண்ணு நாயைத் தூக்கிட்டு போவேன், இல்ல போகவே மாட்டேன். கயித்துல அவசரத்துக்குச் சட்டுனு கழட்டுற கொக்கி இருக்கான்னு பாத்து வாங்குங்க.

ட்ரையர்தான் இருக்குறதுலயே விலை அதிகம். வேகமாக் காத்து அடிக்கிற வகை, சூடு முக்கியம் இல்ல, வேகம்தான் தண்ணியைத் தள்ளும். கால் முடிக்கும் தாடிக்கும் இது இல்லாம நேராவே வராது, அடிச்சுக்கிட்டே கம்பிக் கம்பியா இருக்குற பின் (pin) பிரஷ்ஷால மேல்நோக்கி வாரினாத்தான் முன்னங்கால் தூண் மாதிரி நிக்கும். நம்ம தலைக்குப் போடுற ட்ரையர் ஒரு வருஷம் யூஸ் பண்ணேன், சூட்டுல முடி காய்ஞ்சு நுனி உடையுது. சத்தத்துக்குத்தான் மிளகு பயந்தான். பத்து நாள் தூரத்துல சும்மா ஓட விட்டு பக்கத்துல பிஸ்கட் குடுத்து, அப்புறம்தான் மேல அடிச்சேன், அதுவும் குறைஞ்ச வேகத்துல, முகத்துலயும் காதுலயும் அடிக்கவே கூடாது. ஃபில்டரை மாசம் ஒரு தடவை கழுவுங்க. நான் கழுவாம விட்டதுல ஒரு நாள் கருகுன வாசனை வந்துச்சு, உள்ள முடி கம்பளி மாதிரி அடைச்சிருந்துச்சு.

ஷாம்பு விஷயத்துல நிறைய காசு வீணாச்சு. முதுகு முடிக்கு ஷாம்பு போடப் போட மெத்துன்னு ஆகுது, கைக்கும் வழுக்குது. அதனால ஸ்ட்ரிப் பண்றதுக்கு முன்னாடி குளியல் கிடையாது, ஷோவுக்கு முன்னாடி கால், தாடி, வயித்துப் பக்கம் மட்டும்தான் குளியல். பரண்ல ஏழு பாட்டில் இருக்கு, யாருக்காவது வேணும்னா எடுத்துக்கோங்க. முடிக்குப் பிடிமானம் குடுக்க சாக்பீஸ் மாதிரி வெள்ளையா இருக்குற சாக் பவுடர் போட்டு வேலை செய்றது உண்டு, ஆனா ரிங்குக்குள்ள போறப்ப முடியில எதுவும் ஒட்டிட்டு இருக்கக் கூடாது, முழுசாத் தட்டி எடுத்துடணும். ஜட்ஜ் தட்டுனப்ப புஸ்ஸுன்னு வெள்ளைப் புகை கிளம்புனதை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், என் நாய் இல்ல, தப்பிச்சேன்.

நகத்துக்குக் கட்டர் வாங்கி, முதல் வாரமே கருப்பு நகத்துல ரத்தம் வர வச்சேன். ரத்தம் நிக்குறதுக்கு ஒரு பவுடர் வருது, அது இல்லாம நகத்துல கை வைக்காதீங்க. இப்ப உரசுற மெஷின், வாரம் ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா. அப்படிப் பண்ணா உள்ள இருக்குற சதையும் மெதுவாப் பின்வாங்குது, பாதம் உருண்டையா வருது. கத்தரி ரெண்டு போதும், நேரா ஒண்ணு, முடி அடர்த்தியைக் குறைக்கிற தின்னிங் ஒண்ணு. புருவத்தை மட்டும் ஷோவுக்கு முந்தின நாள் வெட்டாதீங்க, ஒரு பக்கம் கோணினா இன்னொரு பக்கத்தைச் சரி பண்ணப் போய் ரெண்டும் காணாமப் போயிடும். ஆதாரம் என் போன்ல இருக்கு.

ஆனா காசு குடுத்து வாங்காத ஒரு சாமான்தான் பெரிய வித்தியாசம் பண்ணுச்சு, சமையல்கட்டுல தொங்குற காலண்டர். பிடுங்குன இடத்துல முடி திரும்ப அளவா வர எட்டுல இருந்து பத்து வாரம் ஆகும், எல்லா இடத்தையும் ஒரே நாள்ல பிடுங்குனா கழுத்தும் முதுகும் ஒரே நீளமா வந்து உருவமே தெரியாது. அதனால அப்பல்லாம் ஷோ தேதியில இருந்து பின்னாடி எண்ணுவேன். பத்து வாரம் முன்னாடி முதுகும் விலாவும், அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சுத் தோளும் தொடைப் பக்கமும், கடைசியா நாலு வாரம் இருக்கும்போது தலையும் கழுத்தோட முன்பக்கமும். நீளமா இருக்க வேண்டியது முதல்ல, ஒட்டி இருக்க வேண்டியது கடைசியில. இது என் நாய்க்கு வந்த கணக்கு, உங்க நாய்க்கு ஒரு வாரம் முன்னப் பின்ன ஆகும். முதல் தடவை பண்ணிட்டு வாக்கிங் கூட்டிட்டுப் போனப்ப மேல உள்முடி மட்டும், பாதி உரிச்ச கோழி மாதிரி இருந்தான், எதிர்ல வந்த ஒரு பெரியவர் "சொறியா தம்பி? டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"ன்னு கேட்டாரு. நல்ல வெயில்ல அப்படியே விடாதீங்க, தோல் வெந்துடும், பழைய பனியன் ஒண்ணைத் தைச்சுப் போட்டுவிட்டேன். இந்த இனத்துக்கு முதுகுல கருப்புத் தலை வச்ச சின்னச் சின்னப் பரு வர்றது சகஜம், ஸ்ட்ரிப் பண்ணதும்தான் கண்ணுக்குத் தெரியும், நான் நசுக்கிப் பாத்து அது புண்ணாகி டாக்டர்கிட்ட போனேன், நீங்க நேரா டாக்டர்கிட்ட போங்க.

மூணாவது வருஷத்துல இருந்து வேற மாதிரி பண்றேன், ரோலிங்னு சொல்லுவாங்க, வாரம் ஒரு நாள் எல்லா இடத்துலயும் நீளமா நீட்டிட்டு நிக்கிற முடியை மட்டும் எடுத்துட்டே இருக்குறது. மொட்டை ஆகவே வேண்டாம், எப்பவும் அடியில ஒரு அடுக்கு வந்துட்டே இருக்கும். ஆனா ஒரு வாரம் விட்டா விட்டதுதான், ஊருக்குப் போயிட்டு மூணு வாரம் கழிச்சு வந்தப்ப மறுபடி முதல்ல இருந்து. வேலைக்குப் போறவங்க ரெண்டு தடவை யோசிச்சு ஆரம்பிங்க. ஷோ ஆசையே இல்ல, சும்மா வீட்டு நாய்தான்னா, தாராளமா க்ளிப்பர் போடுங்க, அவனுக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல.

போன மாசம் அக்கா வந்தாங்க. வழக்கம் போல பேச்சே இல்ல, முதுகுல கையை வச்சாங்க, முடியை எதிர்த் திசையில தள்ளிப் பாத்தாங்க, புது டூத்பிரஷ் மாதிரி குத்துது இப்ப. "தாடியை என்ன பண்றே?"ன்னு மட்டும் கேட்டாங்க. தாடிதான் இன்னும் எனக்கு அடங்கல. எச்சில் பட்டுப் பட்டு பழுப்பேறிடுது, தினமும் கழுவித் துடைச்சு, தட்டுல தண்ணி வைக்கிறதை நிறுத்தி, கூண்டுல மாட்டுற உருளை முனை பாட்டில்ல குடிக்கப் பழக்கியிருக்கேன், நாலு மாசமா நல்லாவே குடிக்கிறான். நேத்து சாயங்காலம் அந்தப் பாட்டிலை நான் கழுவிட்டு இருந்த அஞ்சு நிமிஷத்துல பாத்ரூம் பக்கெட்டுக்குள்ள தலையை விட்டு கண்ணு வரைக்கும் நனைச்சுட்டு வந்து என் முன்னாடி நின்னு உதறுனான்.