தொப்பூர் ஏற்றத்தில் மிஸ்ஸாகும் பழைய கார்: ஐந்நூறு ரூபாய் ஓபிடி ஸ்கேனர் எதுவரை உதவும்?

சேலத்திலிருந்து தருமபுரிக்குத் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி குலுங்குகிறது. சமதளத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார்களில் அடிக்கடி வரும் புகார். சரியாகச் சோதிக்காமல் வேலையில் இறங்கினால் முதலில் பிளக், அடுத்து காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது), அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங் என்று வரிசையாகச் செலவாகும். கடைசியில் மிஸ்ஸிங் நின்றாலும் எதனால் நின்றது என்று யாருக்கும் தெரியாது. அந்த வீண் செலவைத் தடுக்கிறதா என்பதை வைத்துத்தான் காரின் ஓபிடி சாக்கெட்டில் சொருகினால் இன்ஜின் கணினி பதிவுசெய்த கோளாறுகளைப் போனில் காட்டும், தீப்பெட்டி அளவில் வரும் இந்த இஎல்எம்327 புளூடூத் ஸ்கேனரை மதிப்பிட வேண்டும்.

முதலில் உங்கள் வண்டிக்கு இது ஒத்துவருமா என்று பாருங்கள். பிஎஸ்4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்களுக்கு ஓபிடி 2 (வண்டியே கோளாறைக் கண்டு பதிவுசெய்யும் முறையின் இரண்டாம் கட்டம்) கட்டாயமானது 2013 ஏப்ரலில். பிஎஸ்4 விதியே நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில்தான். அதனால் 2013-க்குப் பின் வந்த பிஎஸ்4 வண்டி என்றால் தயங்காமல் வாங்கலாம். 2010-க்கு முந்தைய சான்ட்ரோ, வேகன்ஆர், இண்டிகா என்றால் வாங்காதீர்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முள் சாக்கெட் இருந்தாலும் அந்தக் காலத்து இசியு (இன்ஜின் கணினி) பல, கம்பெனி ஸ்கேனருக்கு மட்டுமே பதில் சொல்லும். கார்புரேட்டர் வண்டிக்குச் சொல்லவே வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு மல்டிமீட்டரும் நல்ல பிளக் சாக்கெட்டும் வாங்குவது மேல்.

கடையில் இந்த விலைக்குக் கிடைப்பவை எல்லாமே அசல் இஎல்எம்327 சிப்பின் நகல்கள். 'வி2.1' என்று ஒட்டிய மலிவுப் பொருள்களில் பல, ஸ்கேனரோடு 'கேன்' என்ற புதிய தொடர்பு முறையில் பேசும் வண்டிகளோடு மட்டும் ஓரளவு ஒத்துப்போகும். பழைய கே-லைன் முறையில் திணறும். 'வி1.5' என்று விற்பவை பெரும்பாலும் இதைவிடப் பரவாயில்லை. ஆனால் லேபிளை நம்பாமல், திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்கி முதல் நாளே வண்டியில் சொருகிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் 1234 அல்லது 0000 போட்டால் இணையும். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளூடூத் மாடலை வாங்கக் கூடாது. வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத்) மாடல்தான் வேண்டும். கார் ஸ்கேனர் ஆப்பின் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதும்.

ஆப்பில் தெரியும் கோளாறு எண்ணைத்தான் 'கோடு' என்கிறோம். பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று பிரித்துச் சொல்ல முடியாத மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை கடைசி எண்தான் சிலிண்டர். பெல்ட் பக்கம் இருப்பது பெரும்பாலும் ஒன்றாவது. ஆனால் கோடு வந்ததும் காயில் வாங்க ஓடக் கூடாது. எந்த சிலிண்டர் என்றுதான் கோடு சொல்லும், என்ன கோளாறு என்று சொல்லாது. அதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்க இடம் மாற்றிப் பார்க்க வேண்டும், இந்த ஸ்கேனருக்குக் கொடுக்கும் காசு திரும்பி வருவதும் அங்கேதான்.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு பதிவான நேரத்தின் ஆர்பிஎம், லோடு (இன்ஜின் மேல் இருந்த சுமை), கூலன்ட் சூடு எல்லாம் அதில் இருக்கும். சூடு 90 டிகிரி, லோடு 80 சதவீதத்துக்கு மேல் என்றால் ஏற்றத்தில் வந்த மிஸ்ஸிங். சந்தேகம் காயில், பிளக், ஒயர் பக்கம். லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக்கும் காயிலின் விரிசல் விட்ட ரப்பர் உறையும் அங்கேதான் கைவிடும். அதன்பின் இன்ஜின் ஆறியதும் சாவியை அணைத்து, சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள, பி0301 வந்த வண்டியில் 1-வது காயிலையும் 3-வது காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஒரு 10 மி.மீ. ஸ்பேனர் போதும், கனெக்டர் லாக்கை இழுத்து உடைக்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். கோடை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில்தான். பி0301 என்றே நின்றால் பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு). இன்ஜின் விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் ஓட்டத்தில் 'பெண்டிங்' பகுதியில் கோடு வந்துவிடும். விளக்கு எரிய இரண்டாவது ஓட்டம் ஆகலாம்.

காயிலிலிருந்து பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொண்டுபோகும் எச்.டி. (ஹை டென்ஷன்) ஒயர் உள்ள வண்டிக்கு மல்டிமீட்டர். ஒவ்வொரு ஒயரின் ஓம் அளவும் அதன் நீளத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ, அளவே காட்டாவிட்டாலோ அதுதான் குற்றவாளி. இருட்டில் இன்ஜின் ஓட, தள்ளி நின்று ஒயர் மேல் தண்ணீரைப் பனிபோல் தெளித்தால் லீக் நீலப் பொறியாகத் தெரியும். கையால் தொடக் கூடாது. ஓசூர்ப் பனிக்காலத்தில் காலையில் மட்டும் மிஸ்ஸாகி, வெயில் ஏறியதும் சரியாகும் வண்டிகளுக்கு இந்தச் சோதனை அவசியம். கிருஷ்ணகிரி மாந்தோப்பு வீடுகளில் நிறுத்தும் வண்டி என்றால் எலி கடித்த இன்ஜெக்டர் ஒயரையும் பாருங்கள்.

இந்தக் கோடுகளைவிட அதிகம் சொல்வது ஃபியூயல் ட்ரிம், அதாவது இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்ற அளவு. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டி 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஐடிலிங்கில் பிளஸ் 20, 2500 ஆர்பிஎம்மில் 5 என்று இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது: வெடித்த வேக்கம் ஓஸ், இன்டேக் கேஸ்கட். ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடில் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: அடைத்த ஃபில்டர் அல்லது சோர்ந்த பம்ப். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வந்தபின் ட்ரிம் கொஞ்சம் பிளஸ் காட்டுவது இயல்பு. இ10-க்குச் சரியான காற்று-பெட்ரோல் விகிதம் 14.1, இ20-க்கு சுமார் 13.5, இசியு அதற்கேற்ப 4 சதவீதம் போலக் கூட்டி ஊற்றும். அதைப் பார்த்துப் பயந்து இன்ஜெக்டர் சர்வீஸ் செய்ய வேண்டாம்.

இந்த ஸ்கேனரால் கம்ப்ரஷன் அளக்க முடியாது. ஒரே சிலிண்டர் அடம்பிடித்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள்: பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ; அளவைவிட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10–15 சதவீதத்தைத் தாண்டாததுதான் முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

புது பிளக் போடும்போது கையால் முழுதும் முறுக்கி, அதன்பின் வாஷர் வைத்த பிளக்குக்கு அரைச் சுற்று போதும். அலுமினியம் ஹெட்டில் மரை போனால் செலவு பல மடங்கு. இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஏற்றத்தில் மிதித்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை அழித்துவிடும். வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டின் 16-வது முள்ளில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் சொருகியே விட்டால் பேட்டரி இறங்கும்.